வந்து மாட்டிய மீனும் வரவழைத்த மீனும்

கொழும்பு மட்டக்குளிக்கு அப்பால், களனி கங்கை கடலில் கலக்கும் இடத்தில் தூண்டிலோடு நிற்பவர்களுக்குள் ஓர் இளைஞனுக்கு 'கொடுவா மாஸ்டர்' என்று பெயர். ஒரு மாலை, கெளிறுக்காகச் சின்ன இறாலைக் கொளுவிப் போட்டவனுக்கு 8 கிலோ கொடுவா மாட்டியது. அதன்பின் இரண்டு மாதம் அதே கல்லில், அதே இறாலோடு நின்றான். கெளிறும் உள்ளங்கை அகலப் பாரைக்குஞ்சும்தான் வந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவனுக்கு நேர்ந்ததைக் கணக்காகப் பார்க்கலாம். ஓர் இன மீனில் ஆண்டுதோறும் பாதி செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஆண்டு தாண்டிப் பெரிதாவது 256இல் ஒன்று. அதே தண்ணீரில் இரை தேடும் மற்ற இனங்களின் குஞ்சுகுருமானையும் சேர்த்தால், தூண்டிலைத் தொடும் 2000 வாய்களில் ஒன்றுதான் உறுமீனின் வாய் என்று கொள்ளலாம். ஒரு மாலைக்குப் பத்துக் கடி கிடைத்தால் 200 மாலை வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் வருபவருக்கு அது இரண்டு ஆண்டு.

ஆனால் கரையில் நிற்பவர் ஒருவரல்லர். ஐம்பது பேர் நின்றால் சராசரியாக நாலு மாலைக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டும். அந்த 'யாரோ' அடுத்த நாள் தன் இரையின் சிறப்பை விளக்குவார். மற்ற நாற்பத்தொன்பது பேரும் வாயைத் திறப்பதில்லை. தூண்டில் கதைகளை நான் பாதிதான் நம்புவதற்குக் காரணம் பொய் அல்ல, இந்தக் கணக்குத்தான்.

அப்படியானால் குறிவைத்துப் பிடிப்பது என்று ஒன்று உண்டா? உண்டு. அதன் சூட்சுமம் பெரிய மீனைக் கவர்வதில் இல்லை, சின்ன மீனை விலக்குவதில் இருக்கிறது. கொடுவா இரையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை. வாயைச் சடாரென விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி முழுதாக விழுங்குகிறது. ஆகவே வாயின் அகலமே அதன் வரம்பு. ஒரு சாண் நீள மடவையை உயிரோடு கொளுவி விட்டால் சின்ன மீனால் அதை விழுங்க முடியாது; கடி வந்தால் பெரிதிடமிருந்துதான் வரும். மறுபக்கம், பெரிய மீன் சின்ன இறாலையும் விழுங்கிவிடும். இந்தக் கதவு ஒருபக்கம் மட்டுமே பூட்டியது. மாஸ்டருக்குக் கொடுவா மாட்டியது அந்தத் திறந்த பக்கத்தால்.

அங்கே வரும் பெரியவர் ஒருவர் இதையே வேறு மாதிரிச் சொன்னார். "வெறுங்கையோடு வீட்டுக்குப் போகத் தெரியாதவன் பெரிய மீனுக்குப் போகக் கூடாது, தம்பி." பத்து மாலையில் ஒன்பது அவருக்கு வெறுமைதான். அவர் பார்ப்பது கடல் வற்றும் வேளையை. கொழும்பில் வற்றுப் பெருக்கின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு; ஆனாலும் தண்ணீர் இறங்கும்போது ஆற்றுக்குள் இருந்த இறாலும் மடவைக்குஞ்சும் வாய்க்காலோடு வெளியே இழுபடும். வேட்டை மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திச் சக்தியை வீணாக்காமல், கல்லின் மறைவில், ஓட்டம் தணியும் ஓரத்தில் நின்று காத்திருக்கும். பெரியவரின் மடவை போய் நிற்பது அந்தக் கோட்டில். தங்கூசியும், அதாவது தூண்டில் நரம்பும், தடித்தது. மெல்லிய தங்கூசியில் தற்செயலாக மாட்டும் பெரிய மீன்களில் எத்தனையோ அறுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அவை யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, ஆறிலிருந்து எட்டு வயதளவில் பெண்ணாக மாறும் மீன். பெரிதை மட்டும் குறிவைப்பவர் தாய்களை மட்டும் குறிவைக்கிறார். பெரிய தாய் ஒன்று பல சிறு தாய்களுக்கு ஈடு என்று சொன்னால்கூடக் குறைத்துச் சொன்னதாகிவிடும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 30 கிலோ அட்லாண்டிக் காட் மீன் ஒன்று இடும் முட்டை, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவை மட்டுமல்ல, 120ஐத் தாண்டியதையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி.

ஒரு மீனை மட்டும் பார்த்து அது மாட்டியதா, வரவழைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறுங்கையோடு போன மாலைகளையும் எண்ண வேண்டும். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பெரியவரிடம் உயிர் மடவை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவர் வீச்சுவலையை எடுத்து அவன் தோளில் போட்டார். முழங்கால் தண்ணீரில் இருட்டும்வரை வீசியும் அவனுக்கு அகப்பட்டவை மூன்றே மடவை. மூன்றும் விரல் நீளம்.