வெயில் மேலும் வயசு மேலும் பழி போடாதீர்கள்

"வயசாயிடுச்சு டாக்டர், அதான்." கிளினிக்கில் இதைக் கேட்காத நாளே இல்லை. போன வாரம் அப்படிச் சொன்னவர்கள் தூக்கிக்கொண்டு வந்தது 11 வயசு பொமரேனியன். பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. ஒரு வாரத்துக்கு மேலாகத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருந்திருக்கிறது, ராத்திரியில் ஹாலிலேயே சிறுநீர் போயிருக்கிறது, தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறது. கத்திரி வெயில், அப்படித்தான் குடிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். வாலைத் தூக்கிப் பார்த்தேன், பின்னங்கால் முடியெல்லாம் சீழ் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஹீட், அதாவது இணை சேரும் பருவம், முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஸ்கேன் செய்தால் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா. அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்தோம், பிழைத்துக்கொண்டது. அதே வாரம் இதே நோயோடு இன்னும் தாமதமாக வந்த இன்னொரு நாய் பிழைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வயசு ஒரு நோய் இல்லை. மூக்கைச் சுற்றி நரைப்பது வயசு. மத்தியானம் கூடக் கொஞ்சம் தூங்குவது வயசு. கண்மணியில் லேசாக நீலம் படர்வதுகூடப் பெரும்பாலும் வயசுதான். ஆனால் மாடிப்படி ஏற மறுப்பது வயசு இல்லை, அது மூட்டு வலி, அதற்கு மருந்து உண்டு. வாய் நாறுவது வயசு இல்லை, பல்லில் காரை கட்டி ஈறு அழுகிக்கொண்டிருக்கிறது. படுத்தால் இருமுவது வயசு இல்லை, சின்ன ஜாதி நாய் என்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். "முன்னெல்லாம் குலைச்சுக்கிட்டே இருப்பான், இப்ப ரொம்ப சாதுவாயிட்டான்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கவலை வருகிறது. வலி இருக்கிற நாய் பெரும்பாலும் கத்தாது, ஒதுங்கிப் படுக்கும். வயசு என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் அதோடு பரிசோதனை நின்றுவிடுகிறது, பரிசோதனை நின்றால் மூன்று மாதம் முன்னாலேயே பிடித்திருக்க வேண்டியதை நான் கடைசி நாளில் பார்க்கிறேன்.

வெயில் கதையும் இதே மாதிரிதான். சென்னையில் மே மாதம் எல்லா நாயும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சந்தேகமா, அளந்துவிடுங்கள். காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழியுங்கள். 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், 4 கிலோ பூனை 200 மில்லிக்கு மேல் குடித்தால், அது வெயில் இல்லை. சிறுநீரகமோ, சர்க்கரையோ, பெண் நாய் என்றால் கர்ப்பப்பையோ, ஏதோ ஒன்று.

பூனை வைத்திருப்பவர்களிடம் தனியாகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பூனை நோயை மறைக்கும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், அப்புறம் உங்கள் எடையை மட்டும் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். 4 கிலோ பூனை அரை கிலோ குறைந்தால், 64 கிலோ ஆள் 8 கிலோ இளைத்த மாதிரி. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று ஒரு பழைய ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். சிறுநீரகத்தின் வேலை முக்கால்வாசி போன பிறகுதான் பெரும்பாலும் அந்த எண்ணே ஏற ஆரம்பிக்கும், அதனால்தான் சிறுநீரையும் கொண்டு வரச் சொல்கிறோம். ஆண் பூனை சிறுநீர் போக முக்கிக்கொண்டே இருந்து எதுவும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள்.

சரி, எப்போதிலிருந்து? நாய்க்கு 7 வயசு, லேப்ரடார், கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக்கு ஐந்தாறு வயசிலேயே, பூனைக்கு 10. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர், எடை, பல், ரத்த அழுத்தம். செலவுதான் தடை என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். தடுப்பூசியைக் கிழட்டு நாய்க்கு எதற்கு என்று நிறுத்தாதீர்கள். உண்ணி மருந்தையும்தான், இந்த ஊரில் உண்ணிக்கு சீசன் கிடையாது.

"இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமா?" என்று கேட்டுக் கருத்தடையையும் பல் சுத்தத்தையும் தள்ளிப்போடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து, நாள் குறித்து, நல்ல உடம்போடு இருக்கும்போது கொடுக்கிற மயக்கம் வேறு, சீழ் ரத்தத்தில் கலந்தபின் ராத்திரியில் அவசரமாகக் கொடுக்கிற மயக்கம் வேறு. பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை கொடுப்பதை மட்டும் தயவு செய்து விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், பாதி மாத்திரை என்றால் பரவாயில்லை என்பதும் கிடையாது. நாய்க்கு கால் வலி என்று நீங்கள் போடுகிற டைக்ளோஃபெனாக், புரூஃபென் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கு வீட்டில் செய்ய வேண்டியது வேறு: டைல்ஸ் தரையில் அது நடக்கிற வழியெல்லாம் ரப்பர் மேட் போடுங்கள், லிஃப்ட் இல்லாத மாடி என்றால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், எடையைக் குறையுங்கள்.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள். இருமலோ நொண்டலோ இருந்தால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள், என் மேசை மேல் ஏறியதும் பயத்தில் எல்லாமே நேராக நடக்கும்.