சுவரில் தொங்கும் மீன்தொட்டியும் அதன் பின்னால் மறையும் வயரும்

"மீன்கள் நன்றாகத்தானே நீந்துகின்றன, அப்புறம் தண்ணீரில் எப்படி கரண்ட் இருக்கும்?" தொட்டிக்குள் கை வைத்தால் விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிறது என்று என்னை அழைத்திருந்த வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஓர் உடலின் வழியாக மின்சாரம் பாய வேண்டுமானால் அந்த உடலின் இரண்டு இடங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்க வேண்டும். நான்கு பக்கமும் கண்ணாடியால் அடைபட்ட தண்ணீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும்போது, அதற்குள் இருக்கும் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஷாக் அடிக்காததற்கும் இதுவே காரணம். வெறுங்காலுடன் தரையில் நின்றபடி தண்ணீருக்குள் கையை விடுகிறவருடைய நிலை அப்படியல்ல. அவருக்குக் கை ஒரு முனை, கால் மறு முனை.

அந்த வீட்டில் இன்னொரு புதிரும் இருந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்த பிறகும் தண்ணீர் குத்தியது. சுமார் 12 செ.மீ. ஆழமே கொண்ட, படச்சட்டம்போல் சுவரோடு ஒட்டித் தொங்கும் தொட்டி அது. வயர் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, தொட்டிக்கு நேர் பின்னால் சாக்கெட்டைப் புதைத்து, அதன்மேல் தொட்டியை மாட்டியிருந்தார்கள். மெயினை அணைத்துவிட்டு, தண்ணீரை வடித்துத் தொட்டியை இறக்கிப் பார்த்தபோது, பிளக்கின் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஹீட்டரின் வயர் வழியாக வழிந்த நீர் நேராகச் சாக்கெட்டின் துளைக்குள் இறங்கிய தடம் சுவரில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில், மூடிக்குச் சற்றுக் கீழே, நகத்தால் வருடினால் மட்டுமே தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய விரிசல். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்ததும் புதிர் அவிழ்ந்தது: ஸ்விட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் கொடுக்கப்பட்டிருந்தது. அப்படி இணைத்தால் அணைத்தவுடன் விளக்கும் ஃபில்டரும் நின்றுவிடும். ஃபேஸ் மட்டும் ஹீட்டருக்குள் அப்படியே நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கையை விடும் நேரமே அந்த வீட்டில் ஆபத்தான நேரமாக இருந்திருக்கிறது.

மீன்தொட்டி அதிகம் மின்சாரம் இழுக்காத கருவி என்பதால்தான் இதில் அலட்சியம் வருகிறது என்று நினைக்கிறேன். 100 வாட் ஹீட்டர், 10 வாட் ஃபில்டர், 5 வாட் ஏர் பம்ப், 20 வாட் விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் 135 வாட்தான். 230 வோல்ட்டில் அது 0.6 ஆம்பியருக்கும் குறைவு. இந்தச் சுமையால் வயர் சூடாகப் போவதில்லை, போர்டில் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சான எம்.சி.பி.யும் விழப்போவதில்லை. அந்த எம்.சி.பி.யை நம்பித்தான் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் அதிகச் சுமையிலிருந்தும் வயரைக் காப்பதே எம்.சி.பி.யின் வேலை, மனிதரைக் காப்பதற்கு அது செய்யப்படவில்லை. ஈரக் கையோடு இருக்கும் ஒருவருடைய உடலின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் உடலில் 230 மில்லியாம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கிலோ அது ஒரு சிறிய பல்பு எரிவதைப்போலத்தான்.

ஆகவே தொட்டிக்குக் கட்டாயம் வேண்டியது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சான 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்; தண்ணீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ ஒரு பகுதி தரைக்குக் கசிந்தால் அந்தச் சமநிலை குலைந்து இணைப்பு துண்டிக்கப்படும். 30 மில்லியாம்பியர் கசிவுக்கு 0.3 வினாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிவுக்கு 0.04 வினாடிக்குள்ளும் அது விழ வேண்டும். சில வீடுகளில் மெயின் போர்டிலேயே 100 அல்லது 300 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கும். கசிவினால் தீ மூளாமல் தடுக்க வைப்பது அது. ஷாக்கிலிருந்து ஆளைக் காக்க அதை நம்பக் கூடாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல வருடம் அசையாமலே இருக்கும் ஆர்.சி.சி.பி. தேவைப்படும் நாளில் இறுகிப்போயிருக்கக் கூடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் அதற்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, தொட்டியும் அந்த இணைப்பில் இருந்தால், ஆர்.சி.சி.பி.யை இன்வெர்ட்டருக்கு அடுத்துத் தொட்டியின் பக்கமாகப் பொருத்த வேண்டும். முன்னால் இருந்தால், மின்தடை நேரத்தில் அதன் காவலை நம்ப முடியாது. அத்தகைய வீடுகளில் மெயினை அணைத்தாலும் தொட்டிக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சாக்கெட் இருக்கும் இடம். தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம், நேர் கீழேயும் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு முழமாவது தள்ளி, தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில், தொட்டியின் குறுக்கே கையை நீட்டாமலே ஸ்விட்சை எட்டக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வயர் வெளியே தெரிகிறதே என்று வருந்துகிறவர்கள் சுவரின் நிறத்திலேயே ஒரு பிவிசி கேசிங் ஒட்டிக்கொள்ளலாம். அழகுக்கு அதற்குமேல் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாக்கெட்டுக்கு வரும் ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் அளவு தொங்கலாக இறங்கி, பிறகு மேலேறிப் பிளக்கை அடைய வேண்டும். வயர் வழியே வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், மேலேறாது. செலவே இல்லாத இந்த ஒரு வளைவை, கேபிளை இழுத்துக் கிளிப் அடிக்கும் ஆர்வத்தில் நாமே நேராக்கிக் கெடுத்துவிடுகிறோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் கிடத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கடல்நீர்த் தொட்டியானால் இன்னும் கவனம் வேண்டும். தெறித்துக் காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பிளக்கின் மேல் மின்சாரம் கடத்தும் படலமாகப் படிந்துவிடும்.

சுவரில் துளையிடுவதற்கு முன்பே மின்வேலை தொடங்கிவிடுகிறது என்பதைத் தொட்டி மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம், 12 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 29 லிட்டர் தண்ணீர், அதாவது 29 கிலோ எடை. கண்ணாடியும் கற்களும் தனி. இதைத் தாங்க நீளமான ஸ்க்ரூ இறக்க வேண்டியிருப்பதால், அது பூச்சுக்குள் ஓடும் வயர்க் குழாயைத் துளைத்து ஃபேஸ் வயரைத் தொட்டுவிட்டால் இரும்புத் தாங்கி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். ஸ்விட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் ஓட வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் கோடுகளைத் தவிர்த்து, வயர் கண்டறியும் கருவியால் சுவரைத் தடவிப் பார்த்த பிறகே டிரில்லைத் தொடுவது நல்லது.

தண்ணீர் மாற்றும்போது ஸ்விட்சை மட்டும் நம்பாமல் பிளக்கையே பிடுங்க வேண்டும். ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். சூடான கண்ணாடி காற்றுபட நின்று, பிறகு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். முன்னே சொன்ன வீட்டின் ஹீட்டரும் இப்படித்தான் விரிந்திருக்க வேண்டும். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்தடையின்போது தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும். அதைத் தடுக்க டியூபில் ஒருவழி வால்வு போட வேண்டும். நீருக்குள் மூழ்கியே இருக்கும் கருவிகளில் நீர்த்தடுப்பு அளவைக் காட்டும் ஐபிஎக்ஸ்8 குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்பது தெறிப்பைத் தாங்குமே தவிர மூழ்குவதற்கானதல்ல.

இத்தனையும் செய்துகொடுத்த வீடுகளிலிருந்து சில மாதங்களில் வரும் புகார், "உங்கள் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, மீன் செத்துவிடும் போலிருக்கிறது, எடுத்துவிடலாமா" என்பது. மீனைப் பற்றிய கவலை உண்மையானது. அதற்காகவே தொட்டிக்குத் தனி ஆர்.சி.சி.பி. கொடுத்து, மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் வைக்கச் சொல்கிறேன். விழுவதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யின் லீவரை மேலே தூக்குங்கள். கை தண்ணீரில் இல்லாதபடி ஒவ்வொரு கருவியாக மாட்டிச் சில நிமிடங்கள் பாருங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதில்தான் கசிவு. அந்தக் கருவியில் இன்சுலேஷன் டேப் சுற்றவோ, பசை தடவி அடைக்கவோ முயலாதீர்கள். பிளக்கைக் கழற்றி, குப்பையில் போடுவதற்கு முன் அதன் வயரை வெட்டிவிடுங்கள். வேறு யாரும் அதை எடுத்து இன்னொரு தொட்டியில் மாட்டிவிட முடியாது.