தெர்மோஸ்டாட்டை யார் சார் கழற்றச் சொன்னது?

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் ஆரம்பித்துவிடுகிறது. குடும்பத்தோடு ஏற்காடு, வால்பாறை, ஊட்டி என்று கிளம்பிய பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, வேகன்-ஆர், இண்டிகா எல்லாம் மலையடிவாரத்திலிருந்து டோ வண்டியில் ஏறிப் பட்டறைக்கு வருகின்றன. பானெட்டைத் திறந்தால் ஒரே கதைதான். ரேடியேட்டரில் செங்கல் நிறத்தில் தண்ணீர். என்ஜின் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புகிற செலவாக வந்து நிற்கும். "பழைய வண்டின்னா சூடாகத்தான் சார் செய்யும்" என்று உரிமையாளரே நமக்குச் சமாதானம் சொல்வார்.

ஆகாது. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த மாருதி 800 ஆனாலும், கூலிங் சரியாக இருந்தால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மே மாதத்தில் மலை ஏறும். வயதின் மேல் பழியைப் போடாதீர்கள்.

எரிச்சலில் முதலிடம் தெர்மோஸ்டாட்டுக்கு. "அது குளிர் நாட்டுக்காரனுக்கு வைச்சது, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" இந்த ஒரு வாக்கியத்தால் கெட்ட என்ஜின்கள் கொஞ்சமல்ல. படித்தவர்களும் சொல்கிறார்கள், இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்களும் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என்ஜின் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. 85, 90 டிகிரியில் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் போருக்கும் (சிலிண்டர் துளை) இடையிலான இடைவெளி, ஆயிலின் கெட்டித்தன்மை, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்ற கணக்கு, எல்லாமே அந்தச் சூட்டை வைத்துத்தான். தெர்மோஸ்டாட்டின் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பதைப் பாருங்கள். அந்தச் சூடு வரும் வரை தண்ணீரை என்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டு, வந்த பிறகு ரேடியேட்டருக்கு வழி திறப்பதுதான் அதன் வேலை. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் 82 எங்கே, 40 எங்கே?

கழற்றிவிட்டால் என்ன ஆகும்? பைபாஸ் ரோட்டில் வேகமாகப் போகும்போது என்ஜின் சூடே ஏறாது. இன்ஜெக்ஷன் வண்டியின் கம்ப்யூட்டர், என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் சரியும், பிளக் கறுக்கும், எரியாத பெட்ரோல் போர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இது மெதுவான சாவு. இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நிறைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வழியை அடைக்கும். நீங்கள் முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப என்ஜினுக்குள் ஓடும். சமவெளியில் தெரியாது. நாலு பேர், சாமான், ஏசி, இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவு என்று பாரம் ஏறும்போது தெரியும். சூட்டைக் குறைக்க என்று கழற்றியதே சூட்டை ஏற்றும்.

பெரும்பாலும் நடந்தது இதுதான்: பழைய தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் இறுகிப்போய் வண்டி சூடாகியிருக்கும். காரணம் பார்க்கக் கழற்றியிருப்பார்கள், சூடு இறங்கியிருக்கும், புதுசு வாங்கச் சோம்பல்பட்டு அப்படியே மூடியிருப்பார்கள்.

உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று ஸ்பேனர் இல்லாமலேயே பார்க்கலாம். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனில் படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் அது குளிர்ந்தே இருக்க வேண்டும், பிறகு சட்டென்று சுட வேண்டும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால், உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே ஏறியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் மூடியபடி இறுகியிருக்கிறது, அல்லது தண்ணீரே குறைந்திருக்கிறது. புதுசு மாட்டும்போது ஸ்பிரிங் என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்; விளிம்பில் ஆடுகிற குட்டிப் பித்தளை முள் இருந்தால் அது மேலே வர வேண்டும், காற்று வெளியேற வழி அதுதான். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது தண்ணீர். பச்சைத் தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் வித்தியாசம் உறைவதில் மட்டும்தான் என்று ஒரு நினைப்பு. நம் ஊரில் உறையாது, சரி. துருப்பிடிக்காதா? பல பழைய என்ஜின்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியமோ செம்போ. உப்புள்ள போர்வெல் தண்ணீரை நடுவில் விட்டால் இவை ஒன்றையொன்று தின்னும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடிகள் உள்ளிருந்து ஓட்டையாகும். வாட்டர் பம்ப்பின் இறக்கை கரையும். சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து பாதியை அடைக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள்.

டப்பாவில் ஐ.எஸ். 5759 என்றோ ஜே.ஐ.எஸ். கே 2234 என்றோ இருக்கிறதா பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர் இஷ்டம். இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் குழம்பாகக் கட்டிக்கொள்ளும். 'ரெடி டு யூஸ்' என்றால் அப்படியே ஊற்ற வேண்டியது. கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டியது. "நல்லதுதானே" என்று கான்சன்ட்ரேட்டை மட்டும் ஊற்றி வருகிறவர்களும் உண்டு. கூலன்ட்டில் உள்ள கிளைகால், தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும், அதுவும் தப்பு.

மாற்றும்போது: ஆறிய என்ஜின், கீழே வடிகால் திருகு அல்லது கீழ் ஹோஸ். வடித்து, சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும் வரை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். தெளிவாக வரும் வரை இதைச் செய்யுங்கள். கடைசிக் கழுவலை டிஸ்டில்டு வாட்டரில் முடியுங்கள். பிளாக்குக்குள் ஒரு பங்கு தண்ணீர் வடியாமல் தங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால் முதலில் 2 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். வெளியே கலந்து ஊற்றினால் உள்ளே நீர்த்துப்போகும். பிறகு வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும், காற்றுத் திருகு இருந்தால் திறந்துவிட்டு, மேல் ஹோஸைப் பிசைந்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலை அளவைப் பார்த்து நிரப்புங்கள். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடை ஓரம் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய் நக்கும். அது விஷம்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவது, பீடித்தூள் போடுவது பற்றி இங்கே எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் இன்னும் செய்கிறார்கள். ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று எப்படித் தெரியும்?

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. குக்கருக்கு வெயிட் எப்படியோ அப்படித்தான் அதுவும். அதன் மேல் 0.9 என்று போட்டிருந்தால் (வெளிக்காற்றுக்கு மேல் தாங்கும் அழுத்தம், பார் கணக்கில்), அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 100-லேயே கொதிக்கும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் 93-க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும்; பல வண்டிகளில் ஃபேன் ஓட ஆரம்பிப்பதே அந்தச் சூட்டில்தான். இன்னொன்று, மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு கெட்டுப்போனால் ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்ப உறிஞ்சாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். "டேங்க்கை டெய்லி பார்க்கிறேனே சார்" என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மாதம் ஒரு முறை, ஆறிய என்ஜினில், மூடியைத் திறந்தே பாருங்கள். வேறு எண் போட்ட மூடியை மாட்டாதீர்கள், 0.9-க்கு 1.1 போட்டால் ரேடியேட்டரின் பழைய பிளாஸ்டிக் டேங்க் விரியும்.

ஃபேன். "டைரக்ட் பண்ணிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் வேலை இது. ரிலேவும் இல்லாமல் ஃபியூஸும் இல்லாமல் எட்டு, பத்து ஆம்பியரை ஒரு மெல்லிய ஒயரில் ஓட்டினால் என்றைக்கோ ஒரு நாள் அது புகையும். சுவிட்சோ ரிலேவோதான் போயிருக்கும், அதை மாற்றுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

எந்த நேரத்தில் சூடாகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. டிராஃபிக்கில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். டிராஃபிக்கில் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ ஏறினால் அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், உள்ளே சப்பிப்போகிற கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப். எங்கும் ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் ஈரமும் கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவியும் இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். கேஸ் கிட் போட்ட ஆம்னிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்குச் சூடு கொடுப்பதும் இதே தண்ணீர்தான். அது பனி பூத்து நின்றால் கேஸ் கடைக்கு ஓடுவதற்கு முன் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். லோகன், டஸ்டர் டீசல் வைத்திருப்பவர்கள் டைமிங் பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். அந்த என்ஜினில் பம்ப்பைச் சுற்றுவது அதே பெல்ட்தான். பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து வால்வும் வளையும்.

முள் நடுவைத் தாண்டினால் உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. அது இரண்டாவது ரேடியேட்டர். ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். "பக்கத்துல பங்க் இருக்கு, அது வரைக்கும்" என்ற அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. சிவப்பைத் தொட்ட முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். சிவப்பு எரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஈரத்துணி போட்டும் வேண்டாம், கால்வாசி திருகியும் வேண்டாம். திறந்த நொடியில் ஆவியும் கொதிநீரும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸை அழுத்தினால் தளர்வாக இருக்கும்போது திறங்கள். கொதிக்கிற என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டி ஹெட்டில் விரிசல் விட்ட வண்டிகள் போதும் போதும் என்கிற அளவுக்கு வருகின்றன.

ஹெட் இறக்கியே ஆக வேண்டும் என்றானால் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஸ்டிரெயிட் எட்ஜ் என்ற நேரான சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து, வளைவு எவ்வளவு என்று உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அளக்காமல் புது கேஸ்கெட்டைப் போட்டு, பேஸ்ட் தடவி மூடினால் மூன்றாவது மாதம் திரும்ப வருவீர்கள். போல்ட்டுகளை முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக முறுக்க வேண்டும். காரணத்தை, அதாவது அந்தக் காலியான தெர்மோஸ்டாட் இடத்தையும் அடைத்த ரேடியேட்டரையும் சரி செய்யாமல் ஹெட்டை மட்டும் செய்து பணம் கட்டாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டையும் சீட் கவரையும் அப்புறம் பாருங்கள். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். துருத் தண்ணீர் வந்தால் விலையைக் குறையுங்கள். எண்ணெய்ப் படலம் வந்தால், ஆயில் மூடியின் அடியில் வெளிர் பழுப்புப் பசை இருந்தால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் நடையைக் கட்டுங்கள். இதெல்லாம் ஆறிய என்ஜினில்தான் தெரியும். "இப்பத்தான் சார் ஓட்டிட்டு வந்தேன்" என்று சூடான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன், அது வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.