லண்டன் போகப் பதினொரு மணித்தியாலம், திரும்பி வர ஏன் அதைவிடக் குறைவு?

பதுளைக்கும் கொழும்புக்கும் இடையில் ஆகாயத்தில் கோடு இழுத்தால் சுமார் 130 கிலோமீட்டர்தான் வரும். ரயில் பாதையோ ஏறக்குறைய 290. தெமோதரையில் ஒரு சுற்றுச் சுற்றி, பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் வரை ஏறி இறங்குவதற்குள் ஒன்பது, பத்து மணித்தியாலம் போய்விடுகிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் கட்டுநாயக்கவில் ஏறியவர் 8,700 கிலோமீட்டர் கடந்து லண்டனில் இறங்கிவிடுகிறார்.

விமானத்துக்கு மலையா தடை, நேராகத்தானே போகும் என்பீர்கள். சரி, எது நேர்? சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துப் பாருங்கள், கோடு சவூதி அரேபியா மேலாகப் போகும். உருண்டையான பூகோளத்தில் நூலை இழுத்துப் பிடித்தால் அது அரபிக்கடல், ஈரான், காக்கசஸ், கருங்கடல் என்று வடக்கே வளையும். அந்த நூல் வழிதான் குறைந்த தூரம், 8,700 என்பதும் அதன் நீளம்தான். ஆனால் அந்த வழியிலுள்ள உக்ரைன் வான்பரப்பு 2022 பெப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது, மேற்காசியாவில் பதற்றம் வந்தால் இன்னொரு நாடும் மூடும், அப்போதெல்லாம் சுற்றித்தான் போக வேண்டும்.

தூரத்தைவிட ஆட்டம் காட்டுவது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். விமானத்தின் 900 கிலோமீட்டர் வேகம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொல்வது, தரையை வைத்து அல்ல. எதிர்க்காற்று 100 என்றால் தரைக்கு மேலே 800தான், 8,700ஐ வகுத்தால் கிட்டத்தட்ட பதினொரு மணித்தியாலம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒன்பதுக்கும் குறைவு. வழி முழுக்க அப்படி வீசாது, ஏற இறங்க, ஓடுபாதையில் காத்திருக்க என்று நேரமும் போகும், அதனால்தான் அட்டவணையில் போக சுமார் 11, வர பத்தரை. 2020 பெப்ரவரியில் புயல்காற்று தள்ளியதில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது!

பூமி கிழக்கே சுற்றுகிறதே, மேலே போய் சும்மா நின்றாலே லண்டன் கீழே வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. நம் தீவு மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது அதன் மேலுள்ள காற்றும் கூடவே சுற்றுகிறது, அதில் மிதக்கும் விமானமும்தான்.

அப்புறம் டிக்கெட். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால். பகல் 1 மணிக்குக் கிளம்பினால் மாலை 6.30க்கு இறக்கம் என்று இருக்கும், பார்த்தால் ஐந்தரை மணித்தியாலப் பயணம் மாதிரி. இரவு 8க்கு அங்கே ஏறினால் மறுநாள் பகல் 12க்கு இங்கே, கணக்கில் பதினாறு! போகும்போது ஐந்தரையைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவதால் அது நாலரையாகும்.