பழைய காரில் எந்தக் கோளாறோடு ஓட்டலாம், எதோடு ஓட்டக்கூடாது

காரைக்குடியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகள்தான் இங்கே அதிகம் வரும். "இதுக்கு மேல செலவு பண்ணலாமா, இல்ல தள்ளிவிட்ரலாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான வண்டியை ஓட்டலாம். ஆனால் இருக்கிற காசை முதலில் எதில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பெயின்ட்டும் சீட் கவரும் புதுசாகப் போட்டிருப்பார்கள், பிரேக் ஆயிலை மட்டும் வருஷக்கணக்காகத் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

ஏசி கொஞ்சம் குறைவாகக் குளிர்கிறது, கண்ணாடி இறங்க மறுக்கிறது, டேஷ்போர்டு கடகடக்கிறது என்றால் அப்படியே விடுங்கள். இஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கில் லேசான ஆயில் கசிவும் அப்படித்தான். ஆனால் கசிவு, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு குழாய் மேலே சொட்டினால் தீப்பிடிக்கும், உடனே சரிசெய்தாக வேண்டும். இஞ்சின் ஆயில் குடிக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு இஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம். வாரம் ஒருநாள், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாருங்கள். குறைந்தால் ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த அளவு திடீரென்று கூடினால் வண்டியைக் கொண்டுவாருங்கள்.

எங்கள் பக்கத்து வண்டிகளைத் தின்பது ரேடியேட்டரில் ஊற்றும் போர்வெல் தண்ணீர். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு டீசல் காரில் ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கழற்றினேன். உள்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு, விரலால் சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. "தண்ணிதானேப்பா, எதை ஊத்துனா என்ன?" என்றார் அந்த வீட்டு ஆச்சி. "வெந்நீர் போடுற ஹீட்டர் கம்பியில உப்புப் பிடிக்குதுல்ல ஆச்சி, இஞ்சினுக்குள்ளயும் அதேதான்" என்றேன். உப்பு அடைத்தால் சூடு வெளியேறாது. இஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளையும், அதற்கடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பேக்கிங் போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. அதற்கு ஆகும் செலவு ஹெட் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓடும்போது டெம்பரேச்சர் முள் வழக்கத்தைத் தாண்டினால், திருப்பத்தூர் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. நன்றாக ஆறட்டும். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய குழம்பு போல அப்பியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்கிவிடும். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் அப்படியே தரையோடு போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்டியரிங் ஆடினாலோ, பள்ளத்தில் இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'டக்' என்று கேட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

செட்டிநாட்டில் இன்னொரு வகை வண்டியும் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். காவலுக்கு இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிடுவார். இதில் பேட்டரியின் சார்ஜ் குறைவதுதான் மிச்சம். வாரம் ஒருமுறை பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டினால்தான் இஞ்சின் முழுசாகச் சூடேறும், பிரேக்கும் பிடித்துக்கொள்ளாது. அதற்கு ஆள் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். பானட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் டியூப்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

ஓடாத வண்டியின் டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் கட்டைகள், அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வருஷம் ஆன டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் திருச்சி ரோட்டில் வெடிப்பது இந்த மாதிரி டயர்தான்.

15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. தேதியைப் பார்த்து வையுங்கள், ஆர்சி காலாவதியாகியிருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறவர்கள், பத்து நாள் முன்னதாகவே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். பழைய மாடலுக்குச் சில சாமான் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவேண்டியிருக்கும். முதல்நாள் சாயங்காலம் கொண்டுவந்தால் டயருக்குக் காற்றடித்துத் தர முடியும், பிரேக்கின் வீல் சிலிண்டர் மாற்றித் தர முடியாது.