மஞ்சள் கடலில் ஒரு மாதம்

பட்டைவால் மூக்கன் என்னும் நீண்ட அலகுடைய கரைப்பறவை, அலாஸ்காவில் குஞ்சு பொரித்து முடித்ததும் பசிபிக் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து நியூசிலாந்துக்குச் செல்கிறது. 2007ஆம் ஆண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெட்டைப் பறவை, 11,000 கிலோமீட்டருக்கும் கூடுதலான இத்தொலைவை ஏறத்தாழ எட்டு நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. 2022இல் ஐந்து மாதமே நிரம்பிய ஓர் இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. இத்தகைய பறவைக்கு இடையில் ஒரு கரை அழிந்தால் என்ன, தாண்டிப் போய்விடாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கும் உடலமைப்பே, வசந்தகாலத் திரும்பு பயணத்தில் அதை ஒரு குறிப்பிட்ட கரையோடு கட்டிப்போட்டு விடுகிறது.

புறப்படும் நாளில் இப்பறவையின் உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கக்கூடும். அவ்வளவு சுமையைத் தூக்கிப் பறக்க வேண்டியிருப்பதால், பயணத்தில் பயன்படாத அரைவைப்பை, குடல், கல்லீரல் ஆகிய உறுப்புகள் முன்கூட்டியே சுருங்கி விடுகின்றன. பழுதுபட்ட சமையலறையோடு வீடு திரும்பியவரைப் போல, தரையிறங்கும் பறவை முதலில் தன் செரிமான உறுப்புகளைத் திரும்ப வளர்த்துக்கொண்டு, அதன் பிறகே அடுத்த கட்டத்துக்கான கொழுப்பைச் சேர்க்க முடியும். நியூசிலாந்திலிருந்து மார்ச் மாதத்தில் கிளம்பும் பட்டைவால் மூக்கன்கள் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் இறங்குகின்றன. அங்கே ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் மட்டி, புழு, நண்டு என்று தின்று தேறி, அலாஸ்காவில் பனி உருகும் வேளைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமாகப் போனால் குஞ்சு வளர்க்கும் குறுகிய கோடைக்காலம் கைநழுவி விடும்.

இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆழமற்ற சேற்றுவெளியைச் சுவர் எழுப்பி வயலாகவும் தொழிற்பேட்டையாகவும் மாற்றுவது எளிதாக இருந்ததால், மஞ்சள் கடலைச் சுற்றியிருந்த சேற்றுவெளிகளில் மூன்றில் இரு பங்கு வரை அரை நூற்றாண்டுக்குள் மறைந்துவிட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. தென் கொரியாவின் சேமான்கத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006 ஏப்ரலில் மூடப்பட்டபோது, சுமார் 400 சதுர கிலோமீட்டர் கழிமுகப்பகுதி ஏற்றவற்றத்தின் இயல்பான ஓட்டத்தை இழந்தது. அங்கே தங்கிவந்த கிரேட் நாட் என்னும் உள்ளான் இனத்தில் ஏறத்தாழ 90,000 பறவைகள் காணாமல் போயின. அவை பக்கத்துக் கரைகளுக்கு இடம் மாறியிருக்கும் என்ற நம்பிக்கை பொய்த்தது. அங்கெல்லாம் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை, வடகோளத்தின் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் எண்ணியபோதும் அவை குறைந்திருந்தன. மற்றச் சேற்றுவெளிகளிலும் இரைக்கு ஏற்கெனவே போட்டி இருந்தது. கடல் வற்றும் சில மணி நேரம் மட்டுமே இரை தேட முடியும் என்பதால், கூட்டம் பெருகும்போது ஒவ்வொரு பறவைக்கும் கிடைப்பது குறைகிறது.

பறவைகள் இறப்பது எங்கே என்பதைக் கண்டறிந்த விதம் தனியாகச் சொல்லத் தக்கது. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபக் விரிகுடாவில் மூன்று கரைப்பறவை இனங்களின் கால்களில் வண்ண வளையங்களை இட்டு ஆண்டுதோறும் தேடியபோது, ஆஸ்திரேலியாவில் தங்கும் மாதங்களில் அவை முன்போலவே நலமாக இருந்ததும், அங்கிருந்து வெளியே சென்றிருந்த மாதங்களில் இறப்பு கூடியிருந்ததும் தெரியவந்தது. எண்ணிக்கைக் குறைவு கண்ணுக்குத் தெரிந்த இடம் ஆஸ்திரேலியா. காரணமோ பல்லாயிரம் கிலோமீட்டர் வடக்கே இருந்தது. கோடியக்கரைக்கு சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்கள் வேறொரு வழித்தடத்தைச் சேர்ந்தவை என்றாலும், அங்கே எண்ணிக்கை குறையும்போது கோடியக்கரையை மட்டும் ஆராய்ந்து காரணத்தைத் தீர்மானித்துவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

நிலம் அழியாமலே கெட்டுப்போவதும் உண்டு. சீன - வடகொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்று முகத்துவாரத்தில் சேற்றுவெளி அப்படியே இருக்க, கிரேட் நாட்கள் நம்பியிருந்த சிறுமட்டி இனம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. கடலரிப்பைத் தடுக்க 1979இல் சீனாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஸ்பார்டினா புல், வெறும் சேறாக இருந்த பரப்புகளை அடர்ந்து மூடியது. வரைபடத்தில் இவை இரண்டும் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாகவே தெரியும். எண்ணிக்கையும் ஏமாற்றக் கூடியது: மஞ்சள் கடலின் வடமேற்கிலுள்ள போகாய் விரிகுடாவில் சுற்றுப்புறக் கரைகள் நிரப்பி நிலமாக்கப்பட்ட ஆண்டுகளில், எஞ்சிய ஒரு பகுதியில் ரெட் நாட் என்னும் இன்னோர் உள்ளான் இனப் பறவைகள் பெருகின. போக்கிடமில்லாமல் அவை ஓரிடத்தில் நெருக்கிக்கொண்டதே அந்தப் பெருக்கத்துக்குக் காரணம்.

2018இல் சீனா வணிக நோக்கிலான கடல் நிரப்புதலை நிறுத்தியது. சீனாவின் மஞ்சள் கடலோரமான யான்செங் கரையின் சேற்றுவெளிகள் 2019இலும், கொரியச் சேற்றுவெளிகள் 2021இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன; 2024இல் சீனாவின் மேலும் சில பகுதிகள் சேர்ந்தன. என் பார்வையில் இவற்றுக்கு இணையான முக்கியத்துவம் உடையது, அதே யான்செங் கரையிலுள்ள தியாவ்சுனியில் 2020இல் நடந்த சிறு வேலை. கடல் ஏறி வரும்போது சேற்றுவெளி முழுதும் மூழ்கிவிடும்; அந்த நேரத்தில் பறவைகள் கால் ஊன்றி ஓய்வெடுக்க இடமில்லாவிட்டால், சேர்த்த கொழுப்பை அலைந்து திரிவதிலேயே செலவழிக்க நேரும். அதற்காக அங்கே 48 ஹெக்டேர் மீன் வளர்ப்புக் குட்டைகளைத் திரும்பப் பெற்று, செடிகொடிகளை அகற்றி, பறவைகள் நிற்கும் ஆழத்துக்குத் தண்ணீரின் மட்டத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.