அதிர்வு: சொல்லும் எண்ணும்

‘வைப்ரேஷன்’ என்ற சொல்லைப் பட்டறையில் கேட்காத நாளே இல்லை. முன்னால் இன்ஜினும் பின்னால் இயங்கு சக்கரங்களும் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில், இன்ஜினின் முறுக்குவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், பின்னோக்கிச் செல்லும் நீண்ட சுழல் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஷாஃப்ட் என்று வண்டியின் முழு நீளத்தையும் கடந்தே சக்கரத்தை அடைகிறது. இந்தத் தொடரில் எது கெட்டாலும் ஓட்டுபவர் வாயில் வருவது இந்த ஒரே சொல்தான். தமிழில் இதற்குச் சரியான சொல் எது, அந்தச் சொல் பழுதைக் கண்டுபிடிக்க எப்படி உதவுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

வைப்ரேஷன் என்பதன் வேர் ‘விப்ராரே’ என்னும் லத்தீன் வினை. ஈட்டி போன்ற ஒன்றைக் கையில் பிடித்து விரைந்து அசைத்தல், இங்குமங்கும் ஆட்டுதல் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு நேர் நிற்பது ‘அதிர்’ என்னும் வினையடி. “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்” என்று தொல்காப்பியத்தின் உரியியல் இதற்குப் பொருள் சொல்கிறது. முரசு அதிர்ந்தது என்று சொல்லும்போது நடுக்கத்தோடு முழக்கமும் அதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. இது காருக்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் தண்டு சுழலும்போது எழும் நடுக்கம் ஒரு வேகத்தில் இருக்கையில் உணரப்படும், இன்னும் சற்றுக் கூடிய வேகத்தில் காதில் முழக்கமாக விழும்.

அதே வேரில் பிறந்த ‘அதிர்ச்சி’ வேறு. “அதிர வருவதோர் நோய்” என்று குறள் சொல்வது எதிர்பாராமல் வந்து நடுங்க வைக்கும் துன்பத்தை. கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்டால் அது அதிர்ச்சி வகை. ஷாஃப்டின் தேய்ந்த மூட்டோ டிஃபரன்ஷியலைத் தாங்கும் கிழிந்த ரப்பர் புஷ்ஷோ அதற்குக் காரணமாக இருக்கலாம். வண்டியைக் கிளப்பும் முதல் சில மீட்டரில் உடம்பே ஆடினால் அதை ‘உதறல்’ என்பதே தகும். அப்போது கிளட்ச், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘அதிர்வு’ என்ற சொல்லை ஒரே சீராக, மீண்டும் மீண்டும் வருவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றையும் வைப்ரேஷன் என்று சொல்லி வண்டியை விட்டுப் போனால் மெக்கானிக் முதலில் டயரைத்தான் கழற்றுவார்.

சீராகத் திரும்ப வருவதை எண்ணலாம். அதனால்தான் ‘அதிர்வெண்’ என்ற சொல்லை நான் தமிழ் அறிவியலின் மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்: அதிர்வு, எண் என்ற இரண்டு சொற்களுக்குள் பழுதறியும் முறை முழுவதும் இருக்கிறது. நொடிக்கு ஒன்று என்றால் 1 ஹெர்ட்ஸ். டயரின் சுற்றளவு 2 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4:1 (ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று கொள்வோம். மணிக்கு 108 கி.மீ. என்பது நொடிக்கு 30 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 15 முறையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 60 முறையும் சுற்றுகின்றன. கைப்பேசியில் உள்ள, அசைவை உணரும் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணை அளக்கும் செயலிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. கைப்பேசியை இருக்கையின் தண்டவாளத்தில் இறுகக் கட்டி அதே வேகத்தில் ஓட்டும்போது 15 ஹெர்ட்ஸ் வந்தால் டயர், ரிம், ஆக்ஸில் பக்கம் தேட வேண்டும். 60 வந்தால் ஷாஃப்டின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது அல்லது தண்டு கோணியிருக்கிறது. 120 வந்தால் (நொடிக்கு 240 முறைக்கு மேல் அளவெடுக்கும் கைப்பேசியில்தான் இது சரியாகத் தெரியும்) மூட்டின் கோணத்தில் குற்றம்.

இந்த 120 எங்கிருந்து வருகிறது என்பது விளக்கத்துக்குரியது. ஷாஃப்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டை ‘உலகளாவிய இணைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருளைக் கெடுத்துவிடும். பட்டறையில் அதைக் ‘கிராஸ்’ என்கிறார்கள்; அதன் உருவத்தைப் பார்த்தால் ‘சிலுவை மூட்டு’ என்பதே நல்ல தமிழ். சிலுவை மூட்டு கோணலாகச் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றில் இரண்டு முறை கூடிக் குறைகிறது. கோணம் 3 பாகையாக இருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒவ்வொன்றும் சுமார் 0.14 விழுக்காடு, 10 பாகையானால் 1.5 விழுக்காடு. மறுமுனை மூட்டும் அதே கோணத்தில், அதன் யோக்கும் (சிலுவையைப் பிடிக்கும் கவை) இந்த முனை யோக்கின் தளத்திலேயே இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். கியர்பாக்ஸ் மவுண்ட் அமிழ்ந்து போனாலும், ஒற்றைக் கட்டையான பின் ஆக்ஸில் உள்ள காரைத் தாழ்த்தினாலும் இந்தச் சமன் கெடும். பின்சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் கார்களில் டிஃபரன்ஷியல் உடற்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், தாழ்த்துவது பெரும்பாலும் ஆக்ஸில் ஷாஃப்ட் கோணங்களையே மாற்றும்.

நேரடி கியரில், அதாவது கியர் விகிதம் 1:1 ஆக இருக்கும்போது, இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் எண் மட்டும் போதாது. நான்கு சிலிண்டர் இன்ஜினின் எரிப்புத் துடிப்பும் ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதால் அதுவும் 120 ஹெர்ட்ஸிலேயே வந்து நிற்கும். ஆளில்லாத நேர்ச்சாலையில் அதே வேகத்தை வேறு கியரில் பிடித்தால், இன்ஜினால் வரும் அதிர்வின் எண் மாறும், ஷாஃப்டால் வருவது மாறாது. அதே வேகத்தில் நியூட்ரலில் உருள விட்டும் பார்க்க வேண்டும். அப்போதும் அதிர்வு குறையாவிட்டால் எடைச் சமன் கெட்டிருக்கிறது. விசை நீங்கியதும் அடங்கிவிட்டால் மூட்டு, கோணம், மவுண்ட் ஆகியவற்றையே ஐயுற வேண்டும்.

சரிசெய்யும் வேலை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். 60 ஹெர்ட்ஸ் என்றால், தண்டின் நடுவில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றிக் கோட்டத்தை அளந்து, அது மிகாவிட்டால் ஷாஃப்ட் பூட்டப்படும் தட்டான டிஃபரன்ஷியல் ஃபிளான்ஜில் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை 180 பாகை திருப்பிப் பூட்டிப் பார்க்கலாம். ஷாஃப்டின் கனமும் ஃபிளான்ஜின் கனமும் எதிரெதிராக வந்தால் அதிர்வு குறையும். குறையாவிட்டால் பேலன்ஸ் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றிய கையோடு சிலுவை மூட்டை இரு பக்கமும் மடக்கிப் பார்ப்பது நல்லது: வழவழப்பாக வராமல் நடுவில் பிடித்து விடுவதுபோல் தோன்றினால் ஊசி பேரிங்குகள் பள்ளம் விழுந்துவிட்டன, மூட்டை மாற்றத்தான் வேண்டும்.

கிளட்ச் மாற்றிய பிறகு அதிர்வு தொடங்கிய ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். கேபினில் உள்ள கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் கலங்கித் தெரிந்தன. டயர்களை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் மாறவில்லை, அளந்த எண்ணோ ஷாஃப்டின் சுற்றைப் போல் இரு மடங்காக இருந்தது. இரண்டு துண்டு ஷாஃப்டை ஒன்றோடொன்று சேர்க்கும் பல்வரிசையான ஸ்ப்லைனில் படிந்த கிரீஸைத் துணியால் துடைத்தபோது, எதிரெதிரே நிற்க வேண்டிய இரண்டு அம்புக்குறிகள் ஒரு பல் தள்ளி நின்றன; அதனால் யோக்குகள் ஒரே தளத்தில் இல்லை. ஷாஃப்டைப் பிரித்து, குறிகளை நேருக்கு நேர் சேர்த்துப் பூட்டியபின் அதே வேகத்தில் கண்ணாடி தெளிந்திருந்தது.